அநாதை மருந்து

"என்ன பேரு சொன்னீங்க? அநாதை மருந்தா?"

கோங் ரென்-ஜே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

"என் பொண்ணுக்கு அப்பன், ஆத்தா ரெண்டு பேரும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம் டாக்டர்!"

டாக்டர் யூ சிரிக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு அவரிடம் கோபப்படாத அப்பாக்களே தைவானின் தைனான் நகரத்தில் கிடையாது.

"பிள்ளை இல்லைங்க, மருந்துதான் அநாதை. இந்தப் புற்று வர்ற குழந்தைகளை விரல் விட்டு எண்ணிடலாம். லாபம் இல்லைன்னு எந்தக் கம்பெனியும் சீண்டாது. அதனால அரசாங்கம் அப்படி ஒரு அந்தஸ்து குடுத்து, சலுகை காட்டி, செய்யவைக்குது. போன வாரம்தான் இதுக்கு அந்த அந்தஸ்து கிடைச்சுது."

"சோதனை மருந்துதானே?"

"சோதனைதான். மறைக்க மாட்டேன்."

ரென்-ஜேயின் மனைவி யா-சுன் கேட்டாள்: "எங்க சின்-யூவுக்கு எப்போ போடுவீங்க?"

"அந்தஸ்து வந்துட்டதால இனிமே நிறைய செய்வாங்க. ஆனா அது கைக்கு வர குளிர்காலம் ஆயிடும். இப்ப இருக்குறது ஏற்கெனவே சோதனையில சேர்ந்த பிள்ளைங்களுக்கே சரியா இருக்கு. நடுவுல இடம் காலியானா, அடுத்தது உங்க பொண்ணுதான்."

இடம் காலியானால்!

வெளியே வந்ததும் ரென்-ஜே ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டர் பட்டறை வைத்திருப்பவர். எங்கே சத்தம் கேட்டாலும் ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

"அந்த எதிர்க் கட்டில் பையன் பாய்-ஹான் நமக்கு அப்புறம் வந்தவன். அவன் எப்படி மருந்து லிஸ்டுல முதல்ல ஏறினான்?"

"அவனுக்கு முத்திப்போச்சுன்னு நர்ஸ் சொன்னாங்களே."

"நர்ஸ் சொல்லுவாங்க. டாக்டருக்குச் சிவப்பு உறையில பணம் போயிருக்கும்."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும். அவன் அம்மா சந்தையில மீன் சூப்பு விக்கிறவங்க. டாக்டரைக் கவனிக்க எங்கே போவாங்க?"

"மீன்காரிக்கு வலை வீசத் தெரியாதா?"

அன்றிலிருந்து எதிர்க் கட்டிலின் மேல் ஒரு கண். பாய்-ஹானின் அம்மா அடிக்கடி டாக்டர் அறைக்குப் போனாள். போனால் கதவு சாத்திக்கொள்ளும். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஒரு நாள் நர்சுகள் மேஜையில் பெரிய இனிப்புப் பெட்டியை வைத்தாள்.

"அன்னாசி கேக் இல்லையே அக்கா? அன்னாசின்னாலே நம்ம பேச்சுல 'பெருகி வரும்'னு அர்த்தமாச்சே, அதைத் தின்னா வார்டு நிரம்பி வழியும்!" என்று நர்சுகள் பதறினார்கள்.

"இல்லடி, அரிசி மாவு மோச்சிதான். பயப்படாம தின்னுங்க."

"பார்த்தியா?" என்றார் ரென்-ஜே மனைவியிடம். "காரியம் முடிஞ்சுது, இனிப்பு வருது."

மறுநாள் காலை டாக்டர் யூ அவர்களைக் கூப்பிட்டார். "ஒரு இடம் காலியாயிருக்கு. சின்-யூவுக்கு இன்னைக்கு மதியமே ஆரம்பிச்சிடலாம்."

யா-சுன் அழுதே விட்டாள். ரென்-ஜேக்கு மட்டும் நெற்றி சுருங்கியது.

"திடீர்னு எப்படி? யாராவது பிள்ளை... போயிடுச்சா?"

"இல்லை."

"அப்போ மருந்துல ஏதாவது கோளாறா? பயந்து விலகிட்டாங்களா?"

"அடுத்தவங்க விஷயத்தை நான் சொல்லக் கூடாதுங்க. உங்களுக்குச் சம்மதமா, சொல்லுங்க."

சம்மதித்தார்கள். ஆனால் மனம் அடங்கவில்லை. ரென்-ஜே வராந்தாவுக்கு வந்தார். லிஃப்ட் வாசலில் பாய்-ஹான் குடும்பம் பெட்டியோடு நின்றது. அப்பாவின் தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கிளம்பியாச்சா? எங்கே?"

"பெங்ஹூ தீவுக்குங்க," என்றாள் பாய்-ஹானின் அம்மா. "கடல் ஆமை பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"குடுத்து வெச்ச புள்ளைதான்! முண்டியடிச்சு முதல்ல மருந்து வாங்கினீங்க. குணமாச்சு. இப்ப உல்லாசப் பயணம் கிளம்பிட்டீங்க. எங்களை மாதிரி ஆளுங்கதான் வரிசையில நின்னு காயணும்!"

லிஃப்ட் திறந்தது. அவள் கணவனைப் பார்த்து, "நீங்க அவனைக் கூட்டிட்டு இறங்குங்க, வந்துடறேன்," என்றாள். கதவு மூடும் வரை காத்திருந்தாள்.

"குணமாகலைங்க," என்றாள் பிறகு. "அவன் உடம்பு அந்த மருந்துக்கு அசையவே இல்லை. இனிமே போட்டாலும் வலிதான் மிச்சம்னு டாக்டர் சொன்னாரு. நம்பிக்கையை விட மனசு வராம நாங்களும் தினமும் போய் அவரோட மல்லுக்கட்டினோம். நேத்துதான் துணிஞ்சோம். அவன் பேருக்கு இன்னும் மருந்து இருந்துச்சு. அடுத்த பிள்ளைக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

ரென்-ஜே லிஃப்ட் வாசலை விட்டு ஓர் அடி விலகினார்.

அவள் பொத்தானை அழுத்திவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"அது யாரோட பிள்ளைன்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறாரு. உங்களுக்குத் தெரிய வந்தா, அவங்க வீட்டாளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சின்-யூ அப்பா. முதல் ஊசிக்குக் கால் ரொம்ப வலிக்கும், பயந்துட வேண்டாம். கணுக்காலை மெதுவா பிடிச்சு விட்டா, பிள்ளை தூங்கிடும்."