நாயை உலாத்திறவன்

"பிள்ளை பிரேமினி, உன்ர நாயை அவன் என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு போறான் எண்டு நினைக்கிறாய்?"

பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை மாமி வேலிக்கு மேலால தலையைப் போட்டா எண்டால், அண்டைக்கு ஆருக்கோ நித்திரை போச்சு எண்டு அர்த்தம்.

"உலாத்தத்தான் மாமி."

"உலாத்தவோ! கட்டுக்கரைப் பக்கம் ஆர் பிள்ளை நாயை உலாத்திறது? நாயெல்லோ எங்களை உலாத்தும்."

அதுவும் சரிதான். முகாமில இருந்து ஊருக்குத் திரும்பி ஒரு வருசம். ஒருத்தருக்கும் கூரையே ஒழுங்கா இல்லை. இந்த ஊர்ப் பெடியன் பிரசாந்தன் மட்டும் போன மாசம் வந்திறங்கி, நீட்டுக் காற்சட்டையும் சப்பாத்துமா விடியக் காலமை படலையில வந்து நிப்பான்.

"அக்கா, ஜிம்மியை ஒருக்கா உலாத்திக்கொண்டு வரட்டே?"

அவனைக் கண்டால் ஜிம்மிக்கு வால் மட்டுமில்லை, அரைவாசி உடம்பே ஆடும். வைகாசி மாசம், பாலை பழுத்துக் கொட்டுற காலம். திரும்பி வரேக்கை மகள் அபிசாவுக்கு ஒரு கை பாலைப்பழம் கொண்டு வருவான். பழத்தின்ர பாலில அவளின்ர வாய் ஒட்டுறதைப் பாத்துச் சிரிச்சதோட சரி, பிரேமினி வேற ஒண்டும் யோசிக்கேல்லை.

"அவன் இப்பவும் போறது எங்க தெரியுமோ? பள்ளிக்கூடத்துக்கு முன்னால வெட்டையாக் கிடக்கிற தரவை வெளிக்குள்ள!"

பிரேமினி தேத்தண்ணியை அப்பிடியே கீழ வைச்சா.

அந்தத் தரவையில மிதிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு மண்டையோட்டுப் போர்டெல்லாம் பிடுங்கியாச்சு. எண்டாலும் சனம் ஒரு ஆட்டைக்கூட அதுக்குள்ள விடாது. பிள்ளையள் இப்பவும் கிரவல் ரோட்டால ஊரெல்லாம் சுத்தி, வெயில்ல வதங்கித்தான் பள்ளிக்கூடம் போகுதுகள்.

"உன்ர நாயை முன்னுக்கு விட்டுப் பாக்கிறான் பிள்ளை. வெடிச்சா நாய் போகும். வெடிக்காட்டித் துரைக்குப் பாலைப்பழம். ஆள் கெட்டிக்காரன்!"

ஜிம்மி ஆரின்ர நாய் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இவையள் திரும்பி வந்த அண்டு, இடிஞ்ச வீட்டு அத்திவாரத்தில படுத்துக் கிடந்தது. அதைக் கட்டிப்பிடிச்சுப் படுக்கத் தொடங்கின பிறகுதான் அபிசா நித்திரையில கத்தி எழும்புறதை விட்டவள். அதுக்கு ஒண்டு நடந்துதெண்டால்...

பிரேமினி செருப்பும் போடாமல் ஓடினா.

தரவை ஓரத்தில கால் ரெண்டும் தானா நிண்டிட்டுது. அங்கால ஒரு அடி வைக்க மனம் வரேல்லை.

"டேய் பிரசாந்தன்! என்ர நாயை விடடா!"

நடுத் தரவையில அவன் திரும்பினான். நாய் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. ஆட்டுக்குட்டி மாதிரி அவன்ர தோள்ல கிடந்து, சோளகக் காத்துக்கு நாக்கை நீட்டி ஊர் பாத்துக்கொண்டிருந்தது.

வந்த தடத்தாலேயே மெல்ல நடந்து வந்து நாயை இறக்கினான்.

"என்னக்கா, தலையும் சீவாமல் ஓடி வாறியள்?"

"உலாத்த எண்டு கொண்டுவந்து ஏன்டா சுமக்கிறாய்?"

"நான் நடந்து பாத்த இடத்தில அவன் ஓடித்திரிவான். புதுசா மிதிக்கிற துண்டில மட்டும் தூக்கிறனான். நேற்று அந்த வீரை மரம் வரைக்கும் போனம். இண்டைக்குப் பள்ளிக்கூட வேலி வரைக்கும்."

"உனக்கென்ன விசரே?"

"வெடி இல்லையெண்டு எடுத்தவை சொல்லிப்போட்டினம். ஆரும் நடந்து காட்டாட்டி எங்கட சனம் நம்புமே? எங்கட காலடியைக் கண்டாலாவது பிள்ளையளை இதால விடுவினம்."

"அதுக்கு ஜிம்மி என்னத்துக்கு?"

"தனிய நடந்தா விசரன் எண்டு பிடிச்சுக் கட்டுவினம். நாயோட நடந்தா உலாத்திறான் எண்டு விட்டிடுவினம்." அவன் ஜிம்மியின்ர காதைச் சொறிஞ்சான். "அதோட, எனக்கும் பயம்தானே அக்கா. கதைச்சுக்கொண்டு போக ஒரு ஆள் வேணும்."

பிரேமினி குனிஞ்சு ஜிம்மியைக் கிட்ட இழுத்தா. எண்டாலும் கோபம் முழுசா இறங்கேல்லை.

"நாயைத் தூக்கினாய், சரி. உன்ர கால் போனா என்னடா செய்வாய்?"

பிரசாந்தன் சிரிச்சுக்கொண்டு வலது பக்கக் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் இழுத்தான். பிளாஸ்டிக் கால் வெயிலுக்கு மினுங்கிச்சு.

"இதைத்தான் முன்னுக்கு வைக்கிறனான். போனா, கேட்டால் இன்னொண்டு தருவினம். இவனுக்கு நாலும் சொந்தக் காலெல்லோ அக்கா."