இரண்டாவது ஊசி

"நீயெல்லாம் ஒரு தாயோ?"

சரோஜாதேவி போட்ட சத்தத்தில் குழந்தைகள் வார்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் புனிதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மைலோ டின்னோடு நலம் விசாரிக்க வந்த இடத்தில் இப்படியா? ஆனால் அவரை யார் தடுப்பது? யாழ்ப்பாண வம்சம்; மலேசியாவின் ஈப்போவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். ஜெலாப்பாங்கில் புனிதா குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கெல்லாம் அவர்தான் 'மிஸ்ஸி'. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் டாக்டரை விட அவர் வாய்ச்சொல்தான் பெரிது.

உள்ளே, புனிதாவின் இரண்டு வயது லோஷினி தொண்டையில் குழாயோடு கிடந்தாள். பிறந்ததிலிருந்தே கழுத்தில் நிணநீர்க் கட்டி. கத்தியே வேண்டாம், கட்டிக்குள் ஊசி போட்டுப் போட்டே சுருக்கிவிடலாம் என்றார் டாக்டர். முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவதற்குப் புனிதா பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

இப்போது சளிக்காய்ச்சல் வந்து, கட்டி திடீரென்று பெருத்து, மூச்சுக்குழாயை நெரித்துவிட்டது.

"ஊசி போட்டா முதல்ல வீங்கும், பிறகுதான் வத்தும். டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்தானே?"

புனிதா தலையாட்டினாள்.

"பிறகேன் நிப்பாட்டினாய்? எந்த மடைச்சியின்ட பேச்சைக் கேட்டனீ?"

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? ஒரு வார்த்தை வரவில்லை. டின்னை அவள் கையில் திணித்துவிட்டு சரோஜாதேவி லிஃப்டில் இறங்கிப் போனார்.

புனிதாவின் புருஷன் கனகராஜ் பொங்கிவிட்டான். "மிஸ்ஸி கேக்கறது நியாயந்தானலா? நான் வெளியூர்ல, லூமுட்ல வேலையா இருந்தேன். நீயா முடிவு பண்ணிட்ட!"

"டாக்டர் என்னாங்க சொன்னாரு?"

"என்னத்த சொல்வாரு? இப்போதைக்கு ஊசிப் பேச்சே இல்லையாம். பாப்பா தாங்குவாளான்னே சொல்ல முடியாதாம்."

புனிதா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுலா புனிதா, யாரு பேச்சக் கேட்டு நிப்பாட்டின? அவங்க அந்தக் கத்து கத்துறாங்க, ஊமையாட்டம் நிக்கிற!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அழக்கூடத் தண்ணீர் இல்லை.

"மொத ஊசிக்கு வீங்கியிருந்தத கோயில்ல பாத்துட்டு, 'இது ஒத்துக்கல, இனிமே போட விடாதே'ன்னு மிஸ்ஸிதாங்க சொன்னாங்க… இப்ப அதச் சொன்னா எம்புள்ளைக்கு மூச்சு வந்துருமா?"