பாதி மாத்திரை

விளக்குப் பலகையில் மாட்டிய எக்ஸ்ரேயில் ஏழு வயதுக் காலெலும்பு பால்வெள்ளையாக ஒளிர்கிறது. நடுவே மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. "புற்றுநோய் இல்லீங்க, சாதாரணக் கட்டிதான். சரிபண்ணிடலாம்," என்கிறார் டாக்டர். மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள் தரைக்கு எட்டாத வலது காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இடது காலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். டாக்டர் பேனாவைத் திறக்கிறார். "இந்தக் கட்டி ராத்திரியிலதான் அதிகமா வலிக்கும். வலி மாத்திரை போட்டா சட்டுனு அடங்கிடும். பாப்பாவுக்கு எப்படி?" "சில நாள் அடங்கும், சில நாள் அடங்காது," என்கிறாள் மகள். எழுதப்போன பேனா நின்றுவிடுகிறது. எந்தெந்த நாள் என்று அப்பாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள், யாருக்குக் காது குத்துகிறாள், பொய் வலிக்குப் பொய் மாத்திரை போதும் என்று, கால்சியம் மாத்திரையைப் பாதியாக உடைத்து அவர் ஊட்டிவிட்ட நாட்கள் அவை. அதன் பிறகும் அழுதவளை, "மருந்து போட்டாச்சுல்ல, இன்னும் என்ன அழுகை?" என்று அதட்டியும் இருக்கிறார். அந்த மாத்திரை அட்டை இப்போதும் சட்டைப்பையில் நெஞ்சோடு உறுத்திக்கொண்டு கிடக்கிறது. "அடங்காத நாள்ல என்ன குடுத்தீங்க?" டாக்டர் அவரைத்தான் பார்க்கிறார். அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொள்கிறார். மகள் முந்திக்கொள்கிறாள்: "அப்பா நல்ல மாத்திரைதான் குடுத்தாரு டாக்டர். நான்தான் சரியா முழுங்கல."