மூக்குத்தித் துளை

எங்கள் கம்பெனி ஊருக்குள் போட்டிருந்த எரிவாயுக் குழாயைப் பிடுங்கியாயிற்று. கழற்றிய வால்வு, பம்பு எல்லாவற்றையும் துடைத்து, மறுவிற்பனைக்குத் தரம் எழுதுவது என் வேலை.

கடைசியாக ஒரு மூக்கு வந்தது. கசிவை மோப்பம் பிடிக்கக் கம்பெனி தன் வேலையாள் பொற்கொடிக்குப் பொருத்தியிருந்தது. அதில் சளிகூடக் காயவில்லை. முகத்தில் பஞ்சுக் கட்டும் இடுப்பில் கைக்குழந்தையுமாகப் பின்னாலேயே அவளும் வந்தாள்.

மேலாளர் மூக்கைத் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, கம்பெனி சாமான்ல ஓட்ட போட்டிருக்க?”

“கல்யாணத்துக்கு மூக்குத்தி குத்துனாங்க சார். என் மூக்குன்னு நெனச்சுட்டேன்.”

“மூணாந்தரம்னு எழுதுய்யா.”

எழுதினேன்.

“ஒரே ஒரு தடவ மாட்டி விடுங்க சார். புள்ளைய மோந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“மோந்தா மீட்டர் ஏறிடும்மா. வெல கொறஞ்சிரும்” என்றார்.

மூக்கைப் பெட்டியில் வைத்து ஆணியடித்தது என் கைதான்.