நீலச் சட்டை

வேதமுத்துவுக்கு வேலை நிரந்தரமான அன்று கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். நானும் அவனும் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். பதினொரு வருடமாக ஒரே பிரஸ் மெஷினில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்கள். என் உடம்பில் இன்னும் கான்ட்ராக்ட்காரர்களின் சாம்பல் சட்டை. அவனுக்கு மடிப்புக் கலையாத நீலம்.

மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். வேலை வேகமாக ஓட, ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு, வலது கையால் தகட்டைத் தள்ளுவோம். மேனேஜருக்கும் தெரியும். போன தை மாதம் வேதமுத்துவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கேஸ் போடாமல் இருக்கக் கம்பெனி அவனை நிரந்தரமாக்கியது. விரல் போன அன்றைக்கு டேப் ஒட்டியது முந்தின ஷிப்ட் பார்த்த நான். சட்டை அவனுக்கு.

“குடுத்து வச்சவன்யா,” என்றார் பக்கத்தில் ஒருவர்.

வேதமுத்து மூன்று விரல்களால் ஒரு லட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

“மாப்ள, இனிமே ஒனக்குப் பயமில்ல. மேனேஜர்ட்ட சண்டை போட்டு நம்ம மெஷினுக்கு சென்சார் வாங்க வச்சிட்டேன். கை உள்ள போனாலே நின்னுரும். திங்கக்கிழமை மாட்டுறாங்க.”

அன்று சனிக்கிழமை. லட்டைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். ஒரு பட்டனின் மேல் டேப்பை இறுக்கி ஒட்டினேன். மற்றதன் மேல் இடது கையை வைத்தேன். தகடு எதையும் எடுக்காமல் வலது கை சும்மா இருந்தது.