ஜோடியில்லாத டைனோசர்

ஞாயிறு பள்ளியிலிருந்து வந்த பெனிட்டா, தொட்டித் தண்ணீரில் பிஸ்கட் டப்பா மூடியை மிதக்கவிட்டு, அதுதான் பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து விலங்குகளை ஜோடியாகக் காத்த நோவாவின் பேழை என்றாள். பொம்மைகளை ஜோடி ஜோடியாக ஏற்றினாள். கால் உடைந்த டைனோசர் மட்டும் தரையில் கிடந்து தவித்தது.

"எனக்கு ஜோடி இல்லையே. விட்டுவிட்டுப் போய்விடுவாளா?" என்று மூடியிலிருந்த ஆட்டிடம் கேட்டது.

"நீ ஏறினால் எல்லோரும் மூழ்குவோம்," என்றது ஆடு.

பெனிட்டா குவளையால் தண்ணீர் ஊற்றினாள். "மழை வந்துடுச்சு! ஐயோ, நீ இன்னும் ஏறலையா?" என்று டைனோசரை வாரியெடுத்து உள்ளே வைத்தாள்.

மூடி சரிந்தது. "இறங்கு, இறங்கு!" என்று ஆடு அலறியது. டைனோசர் தண்ணீரில் குதிக்கப் பார்த்தது.

அதற்குள் பெனிட்டாவின் உள்ளங்கை மூடியை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது.

ஆடு கீழே எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல நகர்ந்து, "இப்படி நடுவில் வந்து உட்கார்," என்றது.