பதினேழு கூழாங்கற்கள்

பாறை மேல் கூடும் வானம் பார்க்கும் சங்கத்தில் மூன்றே பேர். ஆமைதான் செயலாளர். எரிநட்சத்திரங்கள் விழும் இரவில் ஆந்தை வடக்கைப் பார்க்கும், தவளை தெற்கைப் பார்க்கும். ஒன்று விழுந்தால் தன் கொட்டாங்கச்சியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும்.

அன்று ஆந்தை தூங்கிவிட்டது. விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கொட்டாங்கச்சி காலி. ஆமை ஏறி வரும் சத்தம் கேட்டதும் காலுக்குக் கிடைத்த கற்களையெல்லாம் அவசரமாக அள்ளிப் போட்டது.

ஆமை எண்ணியது. "வடக்கே பதினேழு! சபாஷ் ஆந்தையாரே. தெற்கே?"

"நாலுங்க" என்றது தவளை.

"நாலா? தூங்கிட்டியாப்பா?"

"கண்ணே மூடலைங்க. தண்ணியைத் தொட்டுத் தொட்டுத் துடைச்சுக்கிட்டுப் பார்த்தேன்." தவளை தன் நாலு கற்களையும் ஒருமுறை தடவியது. "கண்ணு மங்கிப்போச்சு போல. இனி தெற்கையும் ஆந்தையண்ணனே பார்க்கட்டும். நான் இருந்தா சங்கத்துக்குத்தான் கேவலம்."

ஆந்தை வாயைத் திறந்தது. அதற்குள் ஆமை நோட்டில் பதினேழு என்று எழுதிவிட்டது. ஆந்தை வாயை மூடிக்கொண்டது. தவளை பாறையிலிருந்து இறங்கிப் போனது. பிறகு வரவேயில்லை.

அடுத்த வருடம் ஆந்தை தெற்கைப் பார்த்து உட்கார்ந்தது. விடியும்வரை இமைக்கவில்லை. கொட்டாங்கச்சியில் மூன்று கற்களே சேர்ந்தன.

"என்ன ஆந்தையாரே, உங்களுக்கும் கண்ணு மங்கிப்போச்சா?" என்று ஆமை சிரித்தது.

தவளை உட்காரும் இடத்தைப் பார்த்தபடியே, "ஆமாம்" என்றது ஆந்தை.